‘ஆன்’ என்று சொன்ன பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எட்ஜ் கம்ப்யூட்டிங் (தரவு பிறக்கும் இடத்திலேயே கணினி வைத்து முடிவெடுப்பது) பற்றிய கட்டுரையைப் படித்தேன். குளிர்பதனக் கிடங்கில் வெப்பம் ஏறினால் மென்பொருளே முடிவெடுத்து இன்னொரு கம்ப்ரசரை ஓடவிடும், அதற்கான ‘கொள்கை’யை நான்கு வரியில் எழுதிவிடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. நான்கு வரி என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு வரியில் ‘எப்போது’ மட்டும்தான் இருக்கிறது. ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற பாதி அதில் இல்லை. இடறுவதெல்லாம் அந்தப் பாதியில்தான். இத்துறைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களும், தங்கள் கிடங்குக்கோ பண்ணைக்கோ இப்படி ஒன்றைப் போட நினைக்கிறவர்களும் கட்டுரையை நம்பி இறங்கக்கூடும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல் பற்றி ஒன்று. ‘பாலிசி’ என்பதைக் ‘கொள்கை’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். ‘கம்ப்ரசரின் கொள்கை’ என்று படிக்கும்போது அது ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் ‘ரூல்’, ‘ஆக்ஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் ‘விதி’, ‘செயல்’ என்றாலே போதும்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். எட்ஜ்எக்ஸ் ஃபவுண்டரி என்பது 2017இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய திறமூலத் திட்டம். சென்சார், மீட்டர், மோட்டார் போன்றவற்றைத் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் இணைத்து நிர்வகிப்பது அதன் வேலை. அதில் விதிகளை ஓட்டுவது இகைப்பர் என்ற எஞ்சின். 2020இல் வந்த ஜெனீவா வெளியீட்டிலிருந்து, அதுவரை இருந்த ட்ரூல்ஸ் எஞ்சினுக்குப் பதிலாக இதைச் சேர்த்தார்கள். எட்ஜ்எக்ஸும் இகைப்பரும் இலவசம். ராஸ்பெர்ரி பை அளவுள்ள கணினியிலும் ஓடும்.

இகைப்பரில் விதி என்பது, தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் ஒரு கேள்வி. அதன் விடை எங்கே போக வேண்டும் என்பது செயல். ரெஸ்ட் (இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்புவது), எம்க்யூடிடி (செய்திப் பரிமாற்ற நெறி), லாக் (பதிவேடு), கோப்பு என்று ஆயத்தச் செயல்கள் உடனேயே வருகின்றன. கம்ப்ரசரை ஓடவிட ரெஸ்ட் செயலே போதும் என்று தோன்றும். சாதனங்களுக்குக் கட்டளை சேர்க்கும் எட்ஜ்எக்ஸின் கோர் கமாண்ட் சேவை 59882ஆம் போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல்) காத்திருக்கிறது, அதற்கு ஒரு ‘புட்’ கோரிக்கை அனுப்பினால் மோட்டார் ஓடும். செய்துகாட்டுவதற்கு இது அழகு. கிடங்கில் போட்டால் ஒரு வாரம் தாங்காது.

காரணம் கம்ப்ரசரிடம் இருக்கிறது. கம்ப்ரசர் நின்றவுடன் உயரழுத்தப் பக்கமும் தாழ்வழுத்தப் பக்கமும் சமமாவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் மறுபடி ஓடவிட்டால் அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் சுழல முடியாமல் திணறும். ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், ஓவர்லோடு ட்ரிப் ஆகும். அடிக்கடி ஓடி நின்றால் ஆயிலும் சரியாகத் திரும்பி வராது. நின்றபின் ஐந்து நிமிடமாவது விட்டு ஓடவிடுங்கள் என்று ஏசி மெக்கானிக் சொல்வது இதனால்தான். அந்த ஐந்து நிமிடத்தை யார் கணக்கு வைப்பது? ரெஸ்ட் செயலுக்கு நினைவு கிடையாது. வந்ததை அனுப்பிவிட்டு மறந்துவிடும். சொந்தச் செயல் எழுத வேண்டிய கட்டாயம் இங்கே பிறக்கிறது.

எழுத இரண்டு வழிகள் இருக்கின்றன. கோ மொழியில் எழுதி இகைப்பருக்குள்ளேயே ஏற்றுகிற நேட்டிவ் பிளகின் (செருகுநிரல்) ஒன்று. தனிச் செயலியாக வெளியே ஓடுகிற போர்ட்டபிள் பிளகின் இன்னொன்று. இதைப் பைத்தானிலும் எழுதலாம், கோ மொழியிலும் எழுதலாம். நேட்டிவ் வேகமானது என்று பலர் அதற்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இகைப்பரைக் கட்டிய அதே கோ பதிப்பு, அதே நூலகப் பதிப்புகள் இருந்தால்தான் அது ஏறும். ஒன்று பிசகினாலும் வேறு பதிப்பில் கட்டப்பட்டது என்று சொல்லி மறுத்துவிடும். ஏறிய பிளகினை இறக்கவும் முடியாது, புதியதை மாற்ற எஞ்சினையே நிறுத்தி ஓட்ட வேண்டும். பிளகின் தானாகத் தொடங்கிய ஒரு கோரூட்டீன் (கோ மொழியில் இணையாக ஓடும் துணைப்பணி) உடைந்தால் மற்ற எல்லா விதிகளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். விண்டோஸில் இந்த வழியே இல்லை. போதாக்குறைக்கு, முதல் தொடர் பதிப்புக்காக எழுதியது இரண்டாம் தொடரில் அப்படியே ஓடாது, இடைமுகம் மாறிவிட்டது. நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்கும் செயலுக்கு வேகம் எதற்கு? பைத்தான் போர்ட்டபிள் போதும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்தி பாய்கிற இடத்தில் மட்டும் நேட்டிவைப் பற்றி யோசிக்கலாம்.

போர்ட்டபிளுக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு பைத்தான் கோப்பு, அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஜேசன் கோப்பு, இரண்டையும் சுருட்டிய ஒரு ஜிப். ஜேசன் கோப்பின் பெயரும் பிளகினின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் எழுத்துப் பிழை விட்டு அரைநாள் தேடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, டாக்கர் இமேஜில் (மென்பொருளை அதன் தேவைகளோடு கட்டிய பொதி) பைத்தானும் இகைப்பர் நூலகமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லிம் இமேஜில் பைத்தான் கிடையாது, ‘ஸ்லிம்-பைத்தான்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஜிப்பை 9081ஆம் போர்ட்டில் உள்ள நிர்வாக முகவரிக்கு அனுப்பினால் ஏறிவிடும். எட்ஜ்எக்ஸுடன் சேர்ந்து ஓடும்போது அந்தப் போர்ட் 59720.

பைத்தான் கோப்பில் நான்கு செயற்கூறுகளை நிரப்ப வேண்டும்: கான்ஃபிகர், ஓப்பன், கலெக்ட், குளோஸ். விதியில் எழுதிய அமைப்புகள் கான்ஃபிகருக்கு வரும். விதி தொடங்கும்போது ஓப்பன் ஓடும். விடை வரும் ஒவ்வொரு முறையும் கலெக்ட் அழைக்கப்படும். விதி நிற்கும்போது குளோஸ்.

விதியை எவ்வளவு எளிதாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கிடங்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும், முதல் கம்ப்ரசரை அதன் சொந்தக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது, அதனால் சமாளிக்க முடியாதபோது இரண்டாவதை மென்பொருள் ஓடவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலை வருகிறது. மைனஸ் 17க்கு மேல் போனால் ஆன், கீழே வந்தால் ஆஃப் என்று எழுதினால் சென்சார் மைனஸ் 16.9, மைனஸ் 17.1 என்று ஊசலாடும்போதெல்லாம் கட்டளை பறக்கும். ஒரு மணி நேரத்துக்கு 360 முறை. ஆகவே விதி கடைசி 10 நிமிடத்தை ஒரு ஜன்னலாக எடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று எண்களை மட்டும் தரட்டும்: குறைந்தபட்ச வெப்பநிலை, அதிகபட்ச வெப்பநிலை, வந்த அளவீடுகளின் எண்ணிக்கை. இதற்கு ஹாப்பிங் விண்டோ போதும். 10 நிமிடத்தின் குறைந்தபட்சமே மைனஸ் 17க்கு மேல் என்றால் ஆன், அதிகபட்சமே மைனஸ் 19.5க்குக் கீழ் என்றால் ஆஃப், நடுவில் இருந்தால் இருந்தபடி இருக்கட்டும். மூன்றாவது எண் எதற்கு? 10 நிமிடத்தில் 60 அளவீடு வர வேண்டும். வயர் தளர்ந்து இரண்டே இரண்டு வந்திருந்தாலும் ‘குறைந்தபட்சம்’ என்று ஒன்று கிடைத்துவிடும். 50க்குக் குறைவென்றால் முடிவெடுக்காதே, ஆளைக் கூப்பிடு என்று செயலில் எழுதிவைக்க வேண்டும்.

ஆனுக்கு ஒரு விதி, ஆஃபுக்கு ஒரு விதி என்று பிரித்து எழுதுவதுதான் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு விதிகளும் ஒரே பிளகின் செயலிக்குள் இரண்டு தனி நகல்களாக ஓடும். ஒன்று நிறுத்தியது மற்றதற்குத் தெரியாது, ஐந்து நிமிடக் கணக்கு இரண்டாக உடைந்துவிடும். பொது மாறியில் வைத்துப் பூட்டுப் போட்டுச் சமாளிக்கலாம்தான். அதைவிட விதி கணக்கை மட்டும் போடட்டும், முடிவு ஒரே செயலுக்குள் இருக்கட்டும்.

கலெக்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வந்த பொருளின் வடிவம். இகைப்பர் விடையைப் பட்டியலாகவே தரும், ஒரே ஒரு வரி இருந்தாலும் அதுவும் பட்டியலுக்குள்தான் இருக்கும். ‘செண்ட்சிங்கிள்’ என்ற அமைப்பை இயக்கினால்தான் ஒற்றையாக வரும். யாரோ ஒருவர் விதியைத் திருத்தும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் செயல் உடைந்துவிடும். இரண்டையும் ஏற்கும்படி முதல் மூன்று வரிகளை எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

அடுத்தது எண்ணே நம்பத்தக்கதா என்பது. இந்த உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாட்பஸ் (தொழிற்சாலைச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் நெறி) வழியாக வரும் வெப்பநிலை பெரும்பாலும் பத்தால் பெருக்கிய முழு எண்ணாக ஒரு 16 பிட் ரெஜிஸ்டரில் இருக்கும். மைனஸ் 18.5 என்பது மைனஸ் 185. சாதனத்தை விவரிக்கும் எட்ஜ்எக்ஸின் டிவைஸ் புரொஃபைலில் அந்த ரெஜிஸ்டரைக் குறியுள்ள முழு எண் என்று அறிவிக்காமல் குறியற்றது என்று அறிவித்துவிட்டால் அது 65351 என்று படிக்கப்படும். பத்தால் வகுத்தால் 6535.1 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் சூடான கிடங்கு! மனிதன் பார்த்தால் சிரிப்பான். விதிக்குச் சிரிக்கத் தெரியாது. மைனஸ் 17ஐ விட அதிகம்தானே என்று கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். இதில் வேடிக்கை, மேசையில் வைத்துச் சோதிக்கும்போது அறை வெப்பநிலை 30 டிகிரி என்பதால் பிழை தெரியவே தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகுதான் வெளிப்படும். ஆகவே மைனஸ் 40க்கும் 50க்கும் வெளியே வரும் எதையும் செயல் தொடவே கூடாது. அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் சென்சார் பழுது என்றுதான் கொள்ள வேண்டும்.

எண் எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். எட்ஜ்எக்ஸ் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறந்த நேரத்தை நானோவிநாடியில் குறிக்கிறது. இகைப்பர் பக்கம் மில்லிவிநாடி. பத்து லட்சத்தால் வகுக்க மறந்தால் எல்லாச் செய்தியும் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தோன்றும், ‘பழையதா’ என்ற சோதனை ஒருபோதும் பிடிக்காது. ஜன்னலில் கடைசியாக வந்த அளவீட்டின் நேரத்தையும் விதியிலிருந்து அனுப்பச் சொல்லி, ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் கட்டளை தரக்கூடாது.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில், நெட்வொர்க் போனாலும் கவலையில்லை, செய்திகள் சேமிக்கப்பட்டு இணைப்பு வந்ததும் அனுப்பப்படும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். இகைப்பரில் அந்த வசதி இருக்கிறது. ‘எனேபிள் கேஷ்’ என்று பெயர். இயல்பாக அணைந்திருக்கும், இயக்கினால் அனுப்ப முடியாதவற்றை நினைவகத்திலும் வட்டிலும் வரிசையாகச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். வெப்பநிலைப் பதிவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் செயலுக்கு அது தேவை, ஒரு பதிவும் விடுபடக்கூடாது. அதே வசதி மோட்டாரை ஓட்டும் செயலில் இருந்தால் என்ன ஆகும்? 40 நிமிடம் கோர் கமாண்ட் விழுந்துகிடக்கிறது. அதற்குள் ஆன், ஆஃப், ஆன் என்று சேர்ந்துவிட்டது. எழுந்ததும் மூன்றும் விநாடிக்குள் கொட்டும். 40 நிமிடத்துக்கு முந்தைய ஆன் இப்போது போய்ச் சேர்ந்து யாருக்கு என்ன பயன்? கம்ப்ரசருக்குத்தான் கேடு. தகவல் தாமதமானாலும் தகவல்தான். கட்டளை அப்படி இல்லை, நேரம் போனால் அது வேறு கட்டளை.

இதில் ஒரு மறைவான பள்ளம். இகைப்பரின் பொது அமைப்புக் கோப்பில் கேஷை இயக்கினால் அது எல்லாச் செயல்களுக்கும் பொருந்தும். பதிவுகள் விடுபடுகின்றன என்று யாரோ ஒருவர் அங்கே அதை இயக்கிவைப்பார், கட்டளைச் செயலுக்கும் அது சத்தமில்லாமல் பொருந்திவிடும். கட்டளை தரும் ஒவ்வொரு விதியிலும் செயலின் கீழேயே ‘கேஷ் வேண்டாம்’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பொது அமைப்பு எப்படி இருந்தாலும் செயலில் எழுதியதுதான் செல்லும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘க்யூஓஎஸ்’ அமைப்பு. அதை 1 என்று வைத்தால் குறைந்தது ஒருமுறை போய்ச்சேரும் என்று உறுதி. ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள், இரண்டு முறையும் போகலாம். அதனால் ‘நிலையை மாற்று’ என்ற வகைக் கட்டளை கூடவே கூடாது. ஒருமுறை சொன்னால் ஆன், மறுமுறை சொன்னால் ஆஃப் ஆகிவிடும். ‘ஆன் ஆக இரு’ என்று சொல்ல வேண்டும், எத்தனை முறை சொன்னாலும் பலன் ஒன்றே.

அப்படியானால் நிலை மாறும்போது மட்டும் ஒருமுறை அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். அந்த ஒருமுறை வழியில் தொலைந்தால்? ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று செயல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கிடங்கு உருகும். கடைசியாக என்ன சொன்னேன் என்பதோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இயந்திரம் இப்போது எப்படி இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைப் படி, வேண்டியதும் இருப்பதும் வேறாக இருந்தால் மட்டும் அனுப்பு.

நிலையை எங்கிருந்து படிப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோர் கமாண்ட் 200 (‘சரி’ என்பதற்கான எண்) என்று பதில் தந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மாட்பஸில் ஒரு காயிலை (ஆன்-ஆஃப் நிலையை வைக்கும் ஒரு பிட்) எழுதும் 5ஆம் எண் கட்டளைக்குச் சாதனம் தரும் பதில், நாம் அனுப்பியதையே திருப்பி அனுப்புவதுதான். ரிலே மாட்யூல் கேட்டுக்கொண்டது என்பதற்கு மட்டும் அது சாட்சி. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரின் மின்சுருள் எரிந்திருந்தாலும் அதே 200தான் வரும். கான்டாக்டரோடு சேர்ந்து மூடித் திறக்கும் ஆக்சிலரி கான்டாக்டிலிருந்து இரண்டு வயர் இழுத்து ஒரு டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொடுத்து, கட்டளைக்குப் பின் மூன்று விநாடி கழித்து அதைப் படியுங்கள். இரண்டு வயருக்கு மேல் செலவில்லை. பிளகினில் எத்தனை நூறு வரி எழுதினாலும் அந்த இரண்டு வயருக்கு ஈடாகாது.

200 வராவிட்டால் என்ன வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். 404 என்றால் சாதனத்தின் பெயர் தவறு, ஆயிரம் முறை முயன்றாலும் அதுவேதான் வரும். 423 என்றால் சாதனம் பூட்டப்பட்டிருக்கிறது. எட்ஜ்எக்ஸில் ஒரு சாதனத்தின் நிர்வாக நிலையைப் பூட்டிவைக்கலாம், அப்போது எந்தக் கட்டளையும் போகாது. பராமரிப்பு நேரத்தில் அதைப் பூட்டுவது நல்ல பழக்கம். ஆகவே 423 வந்தால் செயல் அடங்கிப்போக வேண்டும், மறுபடி மறுபடி முட்டக் கூடாது. இதை நம்பி எலக்ட்ரீஷியன் கை வைக்கலாம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். பதிலே வராமல் தொங்கினால் அது தனி வியாதி. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பான நேர வரம்பு கிடையாது, நாம் சொல்லாவிட்டால் காலகாலத்துக்கும் காத்திருக்கும். கலெக்ட் அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் விடைகள் தேங்கும். இணைக்க 2 விநாடி, பதிலுக்கு 5 விநாடி என்று இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து நிமிடக் கணக்குக்குத் திரும்புகிறேன். நிறுத்திய நேரத்தை நினைவகத்தில் வைத்தால் செயலி மறுபடி ஓடும்போது மறந்துபோகும். கோப்பில் எழுதலாம் என்றால் எஸ்டி கார்டு தேயும், மின்சாரம் போகும் நேரத்தில் கோப்பு பாதியில் கெடும். ராஸ்பெர்ரி பையில் நான்காம் தலைமுறை வரை கடிகார பேட்டரிக்கு இடமே கிடையாது, நெட் இல்லாமல் எழுந்தால் நேரமும் தவறாக இருக்கும். இதற்கு ஒரு சோம்பேறி வழி இருக்கிறது, அதுவே சிறந்த வழியும்கூட. ஓப்பன் ஓடும்போது கம்ப்ரசர் நின்றிருந்தால், அது இந்த விநாடிதான் நின்றது என்று எடுத்துக்கொள். ஐந்து நிமிடம் பொறு. அதிகம் போனால் கிடங்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்குக்குச் சுவர்க் கடிகார நேரத்தைப் பயன்படுத்தாமல் பைத்தானின் ‘மோனோடானிக்’ கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். நெட் வந்து நேரம் திடீரென்று தாவினாலும் அது தாவாது. ஒரே வளாகத்தில் நான்கைந்து கிடங்குகள் இருந்தால் இந்த ஐந்து நிமிடத்தோடு கிடங்கு எண்ணுக்கு 30 விநாடி வீதம் கூட்டிவிடுங்கள். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பி மெயின் பிரேக்கரைத் தட்டிவிடுவது இதனால் நிற்கும்.

டீஃப்ராஸ்ட் நேரத்தையும் மறக்கக் கூடாது. அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் சுருளில் படியும் பனியை உருக்க நாளுக்குச் சில முறை ஹீட்டர் ஓடும், அரை மணி வரை ஆகலாம், அப்போது அறையின் காற்று கொஞ்சம் சூடாவது இயல்பு. அந்த நேரத்தில் செயல் புகுந்து இரண்டாவது கம்ப்ரசரை ஓட்டினால் ஒரு பக்கம் ஹீட்டர், மறு பக்கம் கூலிங், மின் கட்டணம் மட்டும் ஏறும். டீஃப்ராஸ்ட் ரிலேயின் நிலையையும் படித்து, அது முடிந்து 15 நிமிடம் வரை ஆன் கட்டளையைத் தள்ளிவைக்க வேண்டும்.

குளோஸில் நிகழும் பிழைகள் இரண்டு. விதி நின்றால் மோட்டாரும் நிற்கட்டும் என்று அங்கே ஆஃப் எழுதுகிறார்கள். விதியில் ஒரு எண்ணைத் திருத்திச் சேமித்தாலும் பழையது நின்று புதியது தொடங்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்ப்ரசர் நிற்கும். மோட்டாரை இருந்தபடி விடுவதே சரி, அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் நிறுத்துவதற்கு அதன் சொந்தத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. இரண்டாவது பிழை, ஓப்பனில் தொடங்கிய த்ரெட்டை (பின்னணியில் தனியாக ஓடும் பணி) குளோஸில் முடிக்காமல் விடுவது. பிளகின் செயலி உயிரோடுதான் இருக்கும், ஐந்து முறை திருத்தினால் ஐந்து த்ரெட்கள் ஆளுக்கொரு கட்டளை தந்துகொண்டிருக்கும். லாகில் ஒரே வரி ஐந்து முறை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

த்ரெட் எதற்கு என்றால், விதி தரவை நம்பித்தான் ஓடுகிறது. சென்சாரே செத்துவிட்டால் புதிதாக எதுவும் வராது, ‘வெப்பம் அதிகம்’ என்றும் வராது. அமைதியாக இருக்கிறதே என்று நாமும் அமைதியாக இருப்போம். மூன்று நிமிடமாகப் புதிய அளவீடு எதுவும் கலெக்டுக்கு வரவில்லை என்றால் தானாக எச்சரிக்கை தரும் ஒரு சின்னக் கடிகாரம் செயலுக்குள் தனியாக ஓட வேண்டும்.

உயரழுத்த சுவிட்ச், ஓவர்லோடு ரிலே, உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தும் அலாரம் பொத்தான் ஆகியவை மென்பொருள் வழியாகப் போகவே கூடாது. வயர் மூலமாக நேரே இருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

எழுதி முடித்ததும் நேரே மோட்டாரில் போடாதீர்கள். செயலுக்கு ‘ஒத்திகை’ என்று ஓர் அமைப்பு வையுங்கள். அது இயங்கியிருந்தால் கட்டளை போகாமல், ‘இப்போது ஆன் சொல்லியிருப்பேன், காரணம் இது’ என்று லாகில் மட்டும் எழுதட்டும். ஒரு வாரம் அப்படி ஓடட்டும். சரக்கு ஏற்றும் நாளும், கரண்ட் போகும் நாளும், டீஃப்ராஸ்டும் அதற்குள் வந்துபோகும். விதியின் நிலை அறியும் முகவரியில் செயலுக்கு எத்தனை வந்தது, எத்தனை பிழை, கடைசிப் பிழை என்ன, எவ்வளவு தேங்கியிருக்கிறது என்றெல்லாம் எண்கள் கிடைக்கும். தேக்கம் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போனால் கலெக்ட் எங்கோ தொங்குகிறது.

கட்டுரையில் இடம்பெற்ற மாதிரி அமைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டாக்கர் அமைப்பில் 9081ஐ அப்படியே வெளியே திறந்துவிடும்படி அதில் காட்டப்பட்டிருந்தது. அந்தப் போர்ட்டுக்கு இயல்பாகக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. டோக்கன் சரிபார்ப்பு இருக்கிறது, நாம்தான் இயக்க வேண்டும். பிளகின் ஏற்றும் வாசலும் அதே போர்ட்தான். அதை எட்ட முடிந்த யாரும் தன் பைத்தான் கோப்பை ஏற்றி உங்கள் கிடங்கின் கணினியில் ஓட்டலாம். லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவைத்திருக்கிறேன் என்ற நம்பிக்கையும் உதவாது. டாக்கர் தன் போர்ட்களைத் திறக்கும்போது அந்த விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்தால் அந்தக் கணினிக்குள் மட்டும் திறந்திருக்கும். வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வரலாம். கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே அப்படிப் போட்டுவிட்டவர்கள் இருக்கலாம். இந்தத் திருத்தத்தை மட்டுமாவது, கடிதம் முழுவதற்கும் இடம் இல்லாவிட்டாலும், அதே பக்கத்தில் தனிப் பெட்டியாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பணியில் உள்ள வாசகர்,
கோவை.